கீசருக்கு மேலே ஒரு டப்பா

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று நீ முடிவு கட்டிய பிறகு எனக்கு வேறு வழியில்லை. கூரியர்காரர் நாளைக்கே சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சண்டை போட எழுதவில்லை.

உன் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஐ.சி.யு.வில் இருக்கிறான். பேர்தான் பெரிசு, பயப்படாதே. கேட்டால் கண்ணைத் திறக்கிறான், உடனே மூடிக்கொள்கிறான்.

நாலைந்து நாளாகவே அவன் சரியில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். பிறகு வாந்தி, வயிற்று வலி. வீட்டில் ஆள் இருந்த சமயம். சின்னவளைப் பேசி முடிக்க வந்திருக்கிறார்களே, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும், அவர்கள் நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். "அவங்க இருக்கற வரைக்கும் விரல குத்தறது, மிஷின் பாக்கறது எதுவும் வேணாம்டா, ஊசிய மட்டும் ஒழுங்கா போட்டுக்கோ" என்று சொல்லிவைத்திருந்தேன். மருந்து டப்பாவையும் அவர்கள் வருவதற்கு முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, குளியலறையில் கீசருக்கு மேலே பழைய துண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். குளிக்கப் போகிறபோது போட்டுக்கொள்வான். ஒரு வேளைகூடத் தவறவில்லை, அது எனக்கு நிச்சயம்.

வாந்தி நிற்காமல் போகவே மாப்பிள்ளையின் அப்பாதான், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறோம், தன் காரில் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர், "பிரஷர், சுகர் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். பெரியவர் என் தோளோடு தோளாக நிற்கிறார். நான் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான். சாப்பிடாத உடம்பு என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது இறங்க இறங்க இவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. வாயிலிருந்து அழுகின பழ வாசம். அவன் ஒன்பது வயதில் முதல்முதலாக விழுந்தபோது வந்த அதே வாசம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று நான்தான் கத்தினேன்.

அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விரலைக் குத்தினார்கள். மிஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. "புதுசா சுகர் வந்திருக்கும்மா. தெரியாமலே ஏறிப்போய் ரத்தமெல்லாம் புளிச்சுப்போச்சு" என்றார் டாக்டர். நான் "அப்படியா?" என்று கேட்டேன். பெரியவர்கூட, "இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல, விடுங்க" என்றார். அதுவாகவே அப்படி அமைந்துவிட்டது. அதை நான் ஏன் கலைக்க வேண்டும்?

நீ வர வேண்டாம். வந்தால் உன்னால் சும்மா இருக்க முடியாது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாய். சின்னவள் காரியம் முடியட்டும்.

ஒன்று மட்டும் எழுது. சாயங்கால ஊசி இப்போது எத்தனை யூனிட்? நீ வந்த பிறகு அதெல்லாம் உன் பொறுப்பு ஆகிவிட்டதால் எனக்குத் தெரியவில்லை.

மாமியார்


பிப்ரவரி 10

மாமியார் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃப்ரேம் பொருத்திக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. படித்தேன், மடித்து டிராயரில் வைத்தேன், அவருக்கு மூக்கில் அழுந்துகிற இடத்தைச் சரிசெய்து கொடுத்தேன். "இப்ப நல்லா உக்காருதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் ஐ.சி.யு. என்ற சொல் எனக்குள் இறங்கியது. அழுகை வருமென்று பின்பக்கம் போய் நின்றேன். வரவில்லை. திரும்பி வந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அளவைச் சொல்ல மாட்டேன். அங்கே ட்ரிப்ஸோடு இன்சுலினும் போய்க்கொண்டிருக்கும். பிறகு உங்களுக்கு எதற்கு யூனிட்? டாக்டருக்கு வேண்டுமானால் அவர் கேட்கட்டும், சொல்கிறேன். அவர் கேட்க வேண்டுமென்றால் முதலில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும்.

இது புதிதாக வந்தது என்று நம்பினால் அவர்கள் எதை எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஊசி போட்டுக்கொண்டே இருந்தவருக்கு எப்படி இவ்வளவு ஏறியது என்பதைத்தான் அவர்கள் தேட வேண்டும். அந்தக் கேள்வியே அவர்களுக்குத் தெரியாது. உங்களால்.

கல்யாணமாகிச் சில வாரத்தில் அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஊசி மூடி கிடந்தது. போதை ஊசி என்று நினைத்தேன். வெளியே சொன்னால் அசிங்கம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாருங்கள், உங்கள் வீட்டுக்கு வந்ததும் எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் அவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோது, "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்றார். தன் உடம்பைப் பற்றிக்கூட.

நான் ஏன் கிளம்பினேன் என்று நீங்கள் ஊரெல்லாம் வேறு கதை சொல்வதாகக் கேள்விப்பட்டேன். நடந்தது இதுதான். அவருடைய லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறவர் வீட்டு விருந்தில் இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "இவருக்கு சுகர் இறங்கிடுச்சு, யாராவது ஜூஸ் குடுங்க" என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னால் நடுங்கிக்கொண்டே, "இவளுக்குப் பைத்தியம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னார். ஜூஸைக் குடித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்தால் நீங்கள், குடும்ப மானத்தைக் கடை பரப்பிவிட்டதாக ஆடித் தீர்த்தீர்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

வர வேண்டாம் என்றீர்கள். பெட்டியில் துணி அடுக்கினேன். பிறகு, அங்கே வந்து பெரியவர் பக்கத்தில் ஊமையாக நிற்க வேண்டுமே என்று தோன்றியது. பெட்டி திறந்தபடியே கிடக்கிறது.

டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 10

மருமகளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஐ.சி.யு. வாசலில் வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். கையைக் கழுவி, மேலே ஒரு அங்கியை மாட்டிக்கொண்டு போக வேண்டும்.

உள்ளே ஒரு நர்ஸ் இருக்கிறாள். கடுகு என்று நானே பேர் வைத்துவிட்டேன், வாயைத் திறந்தால் பொரிகிறாள். மணிக்கொரு தரம் இவன் விரலைக் குத்துகிறாள். ஒரு விரல் விடாமல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. மானிட்டரில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் எல்லாம் மரத்துப்போயிற்று. இவன் என் பிள்ளை என்பதே சில சமயம் மறந்து, யாரோ படுத்திருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று காலை உள்ளே போனால் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிறது! கிளினிக்கில் ஏற்றினார்களே, அதே எழுத்து, எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். சர்க்கரைக்காரனுக்கு யாராவது சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவார்களா? அங்கே அதை ஏற்றித்தானே மூச்சு வாங்கியது? கடுகிடம், "இது எதுக்கும்மா?" என்றேன். "ட்ரீட்மென்ட்தான், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பது? எனக்குத்தான் சர்க்கரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதே. நேற்றைக்குத்தானே தெரிந்துகொண்டேன்!

அதனால் நானே பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கீசருக்கு மேலிருந்த டப்பாவைக் கைப்பையில் எடுத்துவந்தேன். சாயங்காலம் கடுகு அடுத்த கட்டிலுக்குப் போன சமயம், போர்வைக்குள் கையை விட்டு அவன் தொடையில் போட்டுவிட்டேன். உன்னிடமிருந்து அளவு இன்னும் வந்து சேரவில்லையே. அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் போட்ட அளவு நினைவிருந்தது, ஆள் வளர்ந்திருக்கிறானே என்று அதற்கு மேல் கொஞ்சம் கூட்டினேன். கை நடுங்கவில்லை. அவனும் அசையவில்லை. நாளைக்குக் காலையிலும் போடப்போகிறேன்.

உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் நீதான் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது.

மாமியார்


பிப்ரவரி 11

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கடை திறக்கும்போதே வந்துவிட்டது. நின்றபடி படித்தேன். 'தொடையில் போட்டுவிட்டேன்' என்ற இடத்துக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். மாற்றி மாற்றி யார் யாரிடமோ இணைத்தார்கள். கடைசியில் ஒரு பெண். அவள்தான் உங்கள் கடுகாக இருக்க வேண்டும். "பேஷண்ட்டுக்கு நீங்க யாரு?" என்று அதட்டினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வயதிலிருந்து இருப்பது, காலை மருந்து, சாயங்கால மருந்து, அளவு, நீங்கள் போட்டது, திரும்பவும் போடப்போவது. அளவைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். பிறகு, "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். போனைக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பக்கம் மிஷின்கள் கத்துவது மட்டும் கேட்டது. அதில் எது அவருடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளுக்கோஸ் வேண்டுமென்றே போட்டதாம். கடுகு திரும்பி வந்து சொன்னாள். ஊசி மருந்தால் சர்க்கரை முதலில் இறங்கிவிடும், ஆனால் ரத்தத்தில் சேர்ந்த புளிப்பு உடனே போகாது. அது போகும்வரை இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தாமல் கொடுத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். அதற்காகத்தான் இந்தக் கையில் இன்சுலின், அந்தக் கையில் குளுக்கோஸ். அதற்கு மேல் நீங்கள் ஒன்று போட்டிருக்கிறீர்கள். தூக்கத்திலேயே போயிருக்கலாம், அத்தை. மூளை செத்துப்போய்க் கட்டையாகக் கிடந்திருக்கலாம்.

இப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் மணிக்கொரு தரம் பார்க்கிறோம் என்றாள். ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

நான் சொல்லிவிட்டேன். இனி பெரியவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். எனக்கு நிம்மதியும் இல்லை, வருத்தமும் இல்லை. கை மட்டும் காலையிலிருந்து சில்லென்று இருக்கிறது.


பிப்ரவரி 12

அம்மாடி,

நீ போன் பண்ணிய நேரத்தில் நான் திரைக்குப் பின்னால் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கடுகு ஓடிவந்து திரையை இழுத்தாள். என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "குடுங்க" என்றாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் வந்தார். மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடுகும் பார்த்தாள். "இதை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். "கீசருக்கு மேல" என்றேன். "ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு தெரியாதா?" தெரியும் என்றேன். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தெரியும். "அப்புறம் ஏம்மா?" என்று கேட்டார். வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். "வந்தவங்க ஃப்ரிட்ஜத் திறந்தா கண்ணுல படும்னுதான் டாக்டர்."

டாக்டர் பாட்டிலைக் கடுகு கையில் கொடுத்தார். பிறகு, "இதுல மருந்தே இல்லம்மா. சூட்டுல கெட்டுப்போச்சு. உங்க பையன் இத்தனை நாளா தண்ணியத்தான் போட்டுக்கிட்டிருந்திருக்காரு. அதான் இங்க வந்திருக்காரு" என்றார். "நீங்க நேத்து போட்டதும் அதே தண்ணிதான். அது நல்ல மருந்தா இருந்திருந்தா நான் உங்ககிட்ட வேற பேச்சு பேச வேண்டியிருந்திருக்கும்."

அம்மாடி, நான் ஒளித்து வைத்ததால் அவன் விழுந்தான். நான் ஒளித்து வைத்ததாலேயே நான் கொல்லாமல் தப்பித்தேன். இதை எந்தப் பக்கமிருந்து பிடித்து யோசிப்பது என்று தெரியவில்லை. காலையிலிருந்து கையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது.

பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சுகர் இருக்கறது ஒரு விஷயமே இல்லீங்க. பெத்த புள்ள மூச்சுக்குத் தவிக்கிறான், டாக்டர் கேக்கறாரு, என் காதுபட இல்லைன்னீங்களே. அதான் எனக்கு என்னவோ போல இருக்கு" என்றார். அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

சின்னவள் அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குப் பையன் இருக்கானான்னு டாக்டர் கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்ப, இல்லம்மா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி.

அவன் ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, என் கூடப் பிறந்தவளே தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். "ஒட்டிக்கும்" என்றாள். வாசல் வரை ஓடிவந்த இவன் அப்படியே நின்றுவிட்டான். அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று. வேறென்ன செய்திருப்பேன்? சொல்லு பார்ப்போம்.

அத்தை


பிப்ரவரி 14

அத்தைக்கு,

என்ன செய்திருக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலில் நின்ற பையனை நினைத்தால் உங்கள் மேல் கோபப்பட முடியவில்லை. கீசரை நினைத்தால் கோபப்படாமலும் இருக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது.

எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. நீங்கள் வைத்தீர்கள், சரி. ஊசி போட்டும் தாகம் எடுக்கிறது, வாந்தி வருகிறது, என்னமோ தப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மாடி மாடியாக ஏறி லிஃப்டில் எந்த ஒயர் போயிற்று என்று கண்டுபிடிக்கிற மனிதர். ஒருவரிடம், ஒரே ஒருவரிடம் கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சாகிற நிலைக்குப் போனாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அவர் பிழைத்து வந்தாலும் நாளைக்கு இன்னொரு விருந்து வரும், இன்னொருவர் எதிரே நிற்பார்.

அதனால் நான் வருவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. மருந்து ஃப்ரிட்ஜ் கதவில், பால் பக்கத்தில், திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதை நீங்கள் செய்யலாம். இன்னொன்றை அவர்தான் செய்ய வேண்டும். தனக்கு என்ன என்று தன் வாயால் ஒரு தடவை, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத்தான் தெரியுமே.

முடியாவிட்டால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். மிரட்டல் இல்லை, அத்தை. அலுத்துவிட்டது. இன்னொரு தடவை பைத்தியம் என்று பேர் வாங்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 16

அம்மாடி,

அவனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கை ஒயரெல்லாம் எடுத்தாயிற்று. கஞ்சி குடிக்கிறான். போகும்போது கடுகு என்னிடம், "இனிமே கைப்பையைச் சோதனை போட்டுத்தான் உள்ள விடுவேன்" என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரியவர் வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. சின்னவள் வேலைக்குப் போய் வருகிறாள். புது மருந்தை அவளே வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தாள். நடுவில் நான் தண்ணீர் எடுக்கப் போனேன், கதவைத் திறந்தால் எதிரே நிற்கிறது. கை தானாகவே அதை உள்ளே தள்ளப் பார்த்தது. இழுத்துக்கொண்டேன். இப்போது அங்கேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை அவனிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் உனக்காகச் சொல்வான், எனக்காகச் சொல்லாமல் இருந்த மாதிரி. அதனால் பேசாமல் இருந்தேன்.

இன்று காலை வார்டுக்குப் புது டாக்டர் வந்தார். சின்ன வயசு, முன்பின் பார்த்ததில்லை. ஃபைலைப் புரட்டிக்கொண்டே, இவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர், அவரைப் பார்க்க வந்த கூட்டம், எல்லாரும் இருக்கிறார்கள்.

இவன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

முப்பது தாண்டிய ஆம்பிளை, அம்மாடி. மோவாயில் தாடி, அங்கங்கே நரைகூட இருக்கிறது. சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்கிறான். அன்றைக்கு வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தானே, அதே பார்வை. இத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

"சொல்லுடா" என்றேன்.

"ஒம்பது வயசுலேர்ந்து, டாக்டர்" என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "சரி" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், அம்மாடி. வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

அத்தை